மதுரை வெயிலுக்கு மேலே இருக்கும் ஐஸ்

சித்திரை மாசத்து மதுரையில் உட்கார்ந்துகொண்டு, விமானத்தில் ஐஸ் பிடிப்பதைப் பற்றி எழுதினால் "வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"ன்னுதான் கேட்பாங்க. ஆனால் நம் தலைக்கு மேல் சுமார் 5 கிலோமீட்டர் போனால் வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரி. ஐப்பசி, கார்த்திகை மழைமேகங்களில் அதற்கு மேலேயும் நீர்த்துளிகள் உறையாமல் மிதக்கும். இறக்கை பட்டதும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். எடை கூடுவதைவிட, இறக்கையின் வடிவம் கெடுவதுதான் பெரிய ஆபத்து. வழக்கமாகத் தாங்கும் வேகத்திலேயே விமானம் தூக்குவிசையை இழந்துவிடும்.

இதற்கு 1930களில் வந்த மருந்து ரப்பர் பூட். இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டிய ரப்பர் உறை காற்றால் ஊதிச் சுருங்கி, ஐஸை உடைத்து உதிர்க்கும். மதுரைக்கு வந்துபோகும் ஏ.டி.ஆர். 72 விமானங்களிலும் இன்றைக்கு இதே ஏற்பாடுதான். அது வேலை செய்யாவிட்டால்? வேகத்தை விடக்கூடாது, அந்த மேகத்தை விட்டு வெளியேற வேண்டும், முடிந்தால் கீழே வெப்பமான காற்றுக்கு இறங்க வேண்டும்.

நான் படித்த வரையில், அந்த "முடிந்தால்" என்ற சொல்லில்தான் வரலாறே இருக்கிறது.

1942 முதல் 1945 வரை, அசாமின் சாபுவா, தின்ஜான் ஓடுதளங்களிலிருந்து அமெரிக்கர்கள் சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு கொண்டுபோனார்கள். 'ஹம்ப்' என்று பேர். மொத்தம் சுமார் 6,50,000 டன். அந்த வழியில் ஐஸ் பிடித்தால் இறங்கித் தப்பிக்க முடியாது, 15,000 அடி உயர மலைகள் கீழே நிற்கும். புயல், எந்திரக் கோளாறு எல்லாம் சேர்ந்து அந்த வழியில் நூற்றுக்கணக்கான விமானங்கள் போயின. ஐஸும் அதில் ஒரு காரணம்.

1994 அக்டோபர் 31, அமெரிக்காவின் ரோஸ்லான். அங்கே ஏ.டி.ஆர். 72 ஒன்று, தரையிறங்க முறை வருவதற்காக 10,000 அடியில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. பெரிய துளிகள் பூட்டைத் தாண்டிப் பின்னால் போய் உறைந்தன. அய்லரான் தானாகவே திரும்ப, விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. 68 பேரும் இறந்தார்கள். பிறகுதான் பூட்டை அகலமாக்கினார்கள்.

2024 ஆகஸ்ட் 9, பிரேசிலின் வின்யேதோ. மறுபடி ஏ.டி.ஆர். 72. 12,000 அடியிலிருந்து 21,000 அடிவரை கடும் ஐஸ் என்று முன்னறிவிப்பு இருந்தது. விமானம் 17,000 அடியில் பறந்தது. பூட் அமைப்பில் கோளாறு என்று விமானிகள் பேசிக்கொண்டது ஒலிப்பதிவில் இருக்கிறது. வேகம் குறைவதாக எச்சரிக்கைகளும் வந்தன. 62 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஹம்ப்பில் இறங்க வழியே இல்லை. வின்யேதோவில் 5,000 அடி கீழேயே வழி இருந்தது. நம்ம பக்கமும் அப்படித்தான். கொடைக்கானல், மேகமலை உச்சிகள்கூட உறைநிலை உயரத்துக்கு வெகு கீழேயே நின்றுவிடும், கிழக்கே எல்லாம் சமவெளி. கீழே இவ்வளவு வெப்பக்காற்று இருந்தாலும், வேகம் கையில் இருக்கும்போதே இறங்கினால்தான் அது உதவும்.