‘சிஸ்டர் டியூட்டர்’: ஒரு பதவிப் பெயரும் செவிலிய ஆசிரியர் நலனும்

இந்தியச் செவிலியப் பள்ளிகளில் ஆசிரியருக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் ‘சிஸ்டர் டியூட்டர்’. அதன் முற்பாதி உறவுமுறை, பிற்பாதி தொழில். ஆசிரியரின் நலன் குறித்த பேச்சு இத்துறையில் தாமதமாக எழுந்ததற்கான காரணங்களுள் ஒன்று அம்முற்பாதியில் இருக்கிறது.

நைட்டிங்கேல் 1851இல் பயின்ற ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த், சமயத் தொண்டுச் சகோதரிகளின் இல்லம். 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தொடங்கிய பள்ளி சமயச் சார்பற்றது. எனினும் வார்டின் தலைவி அங்கும் ‘சிஸ்டர்’தான். வார்டை நடத்தியவரும், நோயாளியின் அருகில் நின்று மாணவிக்குக் கற்பித்தவரும் அவரே. மாணவியின் நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை ஆகியவற்றைக் குறிக்கப் பதிவேடு இருந்தது. கற்பித்தவரின் களைப்புக்கு அதில் இடமில்லை. சகோதரிக்குப் பணிநேரம் ஏது?

தமிழும் உறவுச் சொல்லையே எடுத்துக்கொண்டது. ஆனால் அகமரபின் செவிலிக்குத் தனிக் கூற்று உண்டு. உடன்போக்கில் சென்ற மகளைத் தேடிப் பாலைவழி நடப்பவள் அவள்; அவளுடைய துயரை அவளே சொல்ல மரபு இடந்தந்தது. நவீன நிறுவனம் பெயரை மட்டும் பெற்றுக்கொண்டு கூற்றை விட்டுவிட்டது.

1946இல் வெளிவந்த சர் ஜோசப் போர் குழுவின் அறிக்கை, நாட்டில் ஏறத்தாழ 7,000 செவிலியரே உள்ளனர், அதாவது 43,000 பேருக்கு ஒருவர், எனக் கணக்கிட்டது. அதே ஆண்டில் டெல்லியிலும் வேலூரிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. கல்லூரியில் ‘சிஸ்டர் டியூட்டர்’ விரிவுரையாளரானார். மருத்துவமனைப் பள்ளிகளில் பழைய பெயரே நீடித்தது.

அக்கறை கற்பிக்கப்படும் இடத்திலேயே அது எவ்வாறு தேய்கிறது என்பதைக் காட்டியவர் உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ். லண்டன் மருத்துவமனையொன்றை ஆராய்ந்து 1960இல் அவர் வெளியிட்ட கட்டுரை கூறுவது இது: பணியைச் சிறு கடமைகளாகத் துண்டித்தல், மாணவியரை வார்டுதோறும் மாற்றிக்கொண்டே இருத்தல், உணர்ச்சியை அடக்கப் பழக்குதல் ஆகியவை நோயின் அச்சத்திலிருந்து தப்ப நிறுவனம் கட்டிக்கொண்ட அரண்கள். அவ்வரண்களுக்குள் மூத்தோரும் சிக்கியிருந்தனர். மாணவியருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலே வெளியேறினர்.

1989ஆம் ஆண்டில் இரு ஆவணங்கள் வந்தன. அமெரிக்காவில் பெவிஸும் வாட்சனும் எழுதிய நூல், பாடத்திட்டம் என்பதே ஆசிரியர்–மாணவர் உறவில் நிகழ்வது என வாதிட்டது. இந்தியாவில் சரோஜினி வரதப்பன் தலைமையிலான உயர்நிலைக் குழு, செவிலியரின் பணிநேரம், குடியிருப்பு, பதவி உயர்வு பற்றிப் பேசியது. முன்னதைக் கோட்பாடு என்றும் பின்னதை நிர்வாகம் என்றும் பிரித்துவைப்பது ஆய்வுலகின் வழக்கம். அப்பிரிப்பு பொருத்தமற்றது, உறங்க இடமில்லாதவரிடம் உறவைப் பாடத்திட்டமாகக் கேட்க முடியாது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி இன்று 10 மாணவருக்கு 1 ஆசிரியர் என்கிறது. அவ்வாசிரியரை மாணவர் ‘மேடம்’ என்றோ ‘சார்’ என்றோ அழைக்கின்றனர். ‘சிஸ்டர்’ என்ற விளி வார்டுக்குள் தங்கிவிட்டது.