வளைந்த சொல்லும் வளையாத எண்ணும்

2018 மே 25 அன்று நடைபெற்ற சர்வஜன வாக்கெடுப்பில் வாக்களித்த அயர்லாந்து மக்களில் 66.4 சதவீதத்தினர் அரசியலமைப்பின் 8ஆவது திருத்தத்தை நீக்குவதற்கு ஆதரவளித்தனர். 1983இல் சேர்க்கப்பட்ட அத்திருத்தம் தாயின் உயிருக்கும் கருவிலுள்ள சிசுவின் உயிருக்கும் சமவுரிமை வழங்கியிருந்தது. அதன் கொடூரத்தை உலகுக்கு உணர்த்தியது 2012இல் கோல்வே வைத்தியசாலையில் நிகழ்ந்த ஒரு மரணமாகும். கரு தங்காது என்று தெரிந்த பின்னரும் கருக்கலைப்பு மறுக்கப்பட்ட நிலையில், இந்தியாவிலிருந்து அங்கு குடியேறிய பல் வைத்தியர் சவிதா ஹலப்பனவர் குருதி நஞ்சேறி உயிரிழந்தார். அவருக்கு வயது 31.

வாக்குச்சீட்டில் காத்திருப்புக் காலம் பற்றி ஒரு சொல்லேனும் இருக்கவில்லை. விடயத்தை ஆராய்ந்த பிரஜைகள் பேரவையோ பாராளுமன்றக் குழுவோ அதனைப் பரிந்துரைக்கவுமில்லை. வாக்கெடுப்புக்கு முன்னர் அரசாங்கம் வெளியிட்ட சட்டத் திட்டத்திலேயே அது இடம்பெற்றது. தயங்கி நின்றோரை ஆறுதற்படுத்த வைக்கப்பட்ட விலை என்றே நான் கருதுகிறேன். அவ்வருட இறுதியில் நிறைவேறிய சட்டத்தின்படி, 12 வாரங்களைத் தாண்டாத கர்ப்பம் என வைத்தியர் பரிசோதித்து அத்தாட்சிப்படுத்திய பின் 3 நாட்கள் கழிய வேண்டும். மனம் மாறுவதற்கான அவகாசமாம்! 12 வார எல்லையை நெருங்கியவளுக்கோ வாரஇறுதி விடுமுறையும் சேர்ந்துகொண்டால் அந்த 3 நாட்களே வாசலை அடைத்துவிடக்கூடும்.

2020இல் கொவிட் பரவியபோது, 'பரிசோதித்து' என்ற சொல்லுக்குத் தொலைபேசி, காணொளி வாயிலான ஆலோசனையும் அடங்கும் என்று அந்நாட்டுச் சுகாதாரத்துறை பொருள் கொண்டது. தொலைதூரக் கிராமத்துப் பெண்ணுக்கு இது பெரும் நிவாரணம். வைத்தியரிடம் இரு தடவை பயணம் செய்யும் சிரமம் நீங்கியது. ஆனால், சொல்லுக்கு விரிந்த பொருள் காணலாம். 3 என்ற எண்ணுக்குக் காண முடியுமா? தொலைபேசியில் பேசிய பெண்ணும் மாத்திரைக்காக அதே 3 நாட்கள் காத்திருந்தாள். சட்டத்தை எழுதியோர் எண்களில் காட்டும் உறுதி, பிற்காலத்தில் எவருக்கும் எளிதில் தளர்த்த முடியாததாகிவிடுகிறது.

கட்டாயக் காத்திருப்புக் காலங்கள் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில் பரிந்துரைத்தது. சட்டத்தை மீளாய்வு செய்த சட்டத்தரணி மேரி ஓ'ஷே 2023 ஏப்ரலில் வெளியான தமது அறிக்கையில், 3 நாள் காத்திருப்பு கட்டாயமாக இருத்தலாகாது என்றும், அவகாசம் விரும்பும் பெண்ணுக்கு அதனைத் தெரிவுரிமையாக வழங்கலாம் என்றும் கூறினார்.