முதலில் நிலைப்பு, பிறகு வேகம்: காட்சித் திரைகளுக்கான திரவப் படிக வடிவமைப்பு குறித்து

திரைக்கென ஒரு புதிய திரவப் படிகத்தை உருவாக்கியவர்கள் தங்கள் கட்டுரையின் முதல் அட்டவணையில் துலங்கல் நேரத்தை வைப்பதே பெரும்பாலும் வழக்கம். வெப்பத்துக்கும் புறஊதாக் கதிருக்கும் ஆட்பட்ட பின் அந்தப் பொருள் என்ன ஆனது என்ற தரவு கடைசியில் வரும். சில வேளை வராமலே போகும். இந்த வரிசை தலைகீழானது என்பதே என் வாதம். பெரும் சந்தையைப் பிடித்த திரவப் படிகங்களில் வேகத்தை மட்டும் நம்பி வென்றதாக ஒன்றையும் காட்ட முடியாது. கெடாமல் நின்றவை வென்றன. வேகம் அவற்றில் பின்னால் சிறுகச் சிறுகச் சேர்ந்தது.

1968இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் காட்டிய முதல் திரைகளில் இருந்தவை ஷிஃப் காரங்கள். அடுத்த ஆண்டு ஹான்ஸ் கெல்கர் உருவாக்கிய, அதே வகையைச் சேர்ந்த எம்.பி.பி.ஏ. சுமார் 22 முதல் 47 பாகை செல்சியஸ் வரை நெமாட்டிக் நிலையில், அதாவது மூலக்கூறுகள் ஒரே திசை நோக்கி நிற்கும் திரவப் படிக நிலையில், இருந்தது. அறை வெப்பநிலையில் இயங்கும் பொருள் கிடைத்துவிட்டது என்ற உற்சாகம் நெடுநாள் நீடிக்கவில்லை. இரண்டு பென்சீன் வளையங்களை இணைக்கும் கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பை ஈரம் பிளந்து, மூலக்கூறை ஆல்டிஹைடாகவும் அமீனாகவும் பிரித்துவிடும். விளிம்பு அடைப்பின் வழியே கசியும் சிறிதளவு நீராவியே அதற்குப் போதும். நெமாட்டிக் நிலை மறையும் தெளிவு வெப்பநிலை கீழிறங்கும், கடத்துதிறன் ஏறும், திரை செத்துப்போகும்.

இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே கண்ட தீர்வின் அழகு அதன் சிக்கனத்தில் இருக்கிறது. இணைப்புத் தொகுதிதான் பலவீனம் என்றால் அதற்கு மாற்று தேடுவானேன்? அதையே நீக்கிவிட்டு வளையங்களை நேரே பிணைத்தார். 1973இல் வெளியான சயனோ பைஃபீனைல்கள் நீருக்கும் ஒளிக்கும் அசையவில்லை. ஆனால் 5சிபி எனப்படும் சேர்மத்தின் நெமாட்டிக் வீச்சு சுமார் 24 முதல் 35 பாகை வரை மட்டுமே. குளிர்நாட்டில் கைக்கடிகாரத்துக்கு அது உதவாது. மால்வர்ன் ஆய்வுக்கூடத்தில் பீட்டர் ரெய்ன்ஸ், தாழ் உருகுநிலைக் கலவையின் விகிதத்தை வெப்ப இயக்கவியல் கொண்டு முன்கூட்டியே கணித்து, நான்கு சேர்மங்களைக் கலந்து ஈ7 கலவையை உருவாக்கினார். வீச்சு ஏறத்தாழ –10 முதல் 60 பாகை வரை விரிந்தது. தனி மூலக்கூறு திரையை ஆள்வதில்லை, கலவையே ஆள்கிறது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. இன்றும் ஒற்றைச் சேர்மத்தின் வேகத்தைப் பறைசாற்றும் கட்டுரைகள் இதை மறந்துவிடுகின்றன.

வேகத்தின் கணக்கு எளிது. மின்புலத்தை நீக்கியபின் மூலக்கூறுகள் பழைய ஒழுங்குக்குத் திரும்பும் நேரம், சுழற்சிப் பாகுமையை இரு கண்ணாடிகளுக்கு இடைப்பட்ட இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, மீட்சி மாறிலியும் பையின் வர்க்கமும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். பாகுமை 80 மில்லிபாஸ்கல்-நொடி, இடைவெளி 5 மைக்ரோமீட்டர், மீட்சி மாறிலி 6.5 பைக்கோநியூட்டன் என்று கொண்டால் ஏறக்குறைய 31 மில்லிநொடி வரும். அதே நெமாட்டிக் நிலையில் பாகுமையை 60ஆகக் குறைத்து, மீட்சி மாறிலியை 13ஆக உயர்த்தி, இடைவெளியை 3 மைக்ரோமீட்டராக்கினால் 4.2 மில்லிநொடிதான். 60 ஹெர்ட்ஸ் திரையின் ஒரு சட்டகம் 16.7 மில்லிநொடி. புதிய நிலை எதையும் தேடாமலே ஏழு மடங்கு வேகம் கைக்கு வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த எண்களுக்கு வருவதற்குள் சயனோ தொகுதியே தடையாக மாறியது. மென்படல டிரான்சிஸ்டர் வந்ததும் ஒவ்வொரு படப்புள்ளியும் ஒரு மின்தேக்கி ஆயிற்று. டிரான்சிஸ்டர் மூடிய பிறகு சட்டகம் முடியும்வரை மின்னூட்டத்தைக் காக்க வேண்டும். சயனோ தொகுதி அயனிகளைச் சூழ்ந்து கரைத்து வைத்துக்கொள்ளும். ஓட்டைக் குடத்தில் நீர் எவ்வளவு நேரம் நிற்கும்? அதுவரை நிலைப்புக்கு இலக்கணமாக இருந்த பொருள், புதிய சாதனத்தில் நிலையற்றதாகிவிட்டது. ஆக, நிலைப்பு மூலக்கூறின் பண்பு மட்டுமன்று. சாதனத்தோடு சேர்த்தே அதை வரையறுக்க வேண்டும்.

ஃபுளூரின் ஏற்ற சேர்மங்கள் இந்த இடத்தை நிரப்பின. கார்பன்–ஃபுளூரின் பிணைப்பு போதிய இருமுனைத் திருப்புதிறன் தருகிறது, அயனிகளையோ கவர்வதில்லை. அணு சிறியதாகையால் பாகுமையும் அதிகம் ஏறுவதில்லை. இவ்வகைக் கலவைகளின் மின்தடைமை 10இன் 13ஆம் அடுக்கு ஓம்-சென்டிமீட்டருக்கு மேல் செல்கிறது. மின்கசிவைத் தடுக்க எடுத்த இந்த முடிவுதான் வேகத்துக்கும் வழி திறந்தது: டைஃபுளூரோமெத்திலீன்-ஆக்சி இணைப்பு நெமாட்டிக் வீச்சை விரித்துப் பாகுமையைக் குறைத்தது. வளையத்தின் பக்கவாட்டில் இரண்டு ஃபுளூரின்களை ஏற்றியதால் செங்குத்து ஒழுங்கமைப்புத் திரைகளுக்குத் தேவையான எதிர்க்குறி மின்காப்புத் திசைமாறுபாடு கிடைத்தது.

எதிர்வாதம் அல்கீனைல் வால் கொண்ட சேர்மங்களிலிருந்து வரலாம். இரு சைக்ளோஹெக்சேன் வளையங்களுடன் வினைல் வால் கொண்டவை மிகத் தாழ்ந்த பாகுமை உடையவை. நவீன வேகக் கலவைகளில் பெரும் பங்கு அவற்றுடையதே. ஆனால் அந்த இரட்டைப் பிணைப்புதான் தனியுறுப்புகள் தாக்கும் இடமும். திரைக்குள்ளேயே புறஊதாக் கதிரால் பலபடியாக்கும் உற்பத்தி முறையில் இது உறுத்தியதால், அல்கீனைல் நீக்கிய கலவைகளையும் தயாரிக்க வேண்டியதாயிற்று. வளையங்களை முப்பிணைப்பால் இணைக்கும் டோலேன்களின் கதையும் இதுவே. இரட்டை ஒளிவிலகல் மிகுந்தால் இடைவெளியைச் சுருக்கலாம், வேகம் வர்க்க விகிதத்தில் கூடும். ஆனால் அதைத் தரும் முப்பிணைப்புத் தொடரே புறஊதாக் கதிரை உறிஞ்சிச் சிதைகிறது.

நெமாட்டிக்குக்கு வெளியே சென்ற முயற்சிகள் இன்னும் தெளிவான சான்று. 1980இல் கிளார்க்கும் லாகர்வாலும் காட்டிய, மூலக்கூறுகள் அடுக்கடுக்காக அமையும் ஃபெரோமின் ஸ்மெக்டிக் திரை மைக்ரோநொடிகளில் மாறியது. 1990களில் கேனான் அதைப் பெரிய திரையாகவே கொண்டுவந்தது. ஆனால் ஸ்மெக்டிக் அடுக்குகள் அழுத்தத்தாலோ அதிர்ச்சியாலோ ஒருமுறை குலைந்தால் நெமாட்டிக்கைப் போலத் தானாகச் சீராகாது. கண்ணாடி வளைந்துகொடுக்காத சிறு சிலிக்கான் நுண்திரைகளில் அதே பொருள் பிழைத்தது. வேகம் இரண்டிலும் ஒன்றுதான்; உறுதியே வேறு.

இதற்கு மறுமுனையில் ஒரு நிகழ்வு. 1977இல் பெங்களூர் ராமன் ஆய்வுக்கழகத்தில் சிவராமகிருஷ்ண சந்திரசேகரும் சகாக்களும் தட்டுவடிவத் திரவப் படிகங்களைக் கண்டனர். அவற்றைத் திரைக்குள் மாற்றியாகப் பயன்படுத்தும் எண்ணம் கைகூடவில்லை. ஆனால் அவ்வகைச் சேர்மங்களைப் பலபடியாக்கி உறையவைத்த படலம், திரையின் பார்வைக்கோணத்தை விரிக்கும் ஈடுசெய் படலமாகச் சந்தைக்கு வந்தது. அசையவே அசையாத பொருளுக்கு அசையும் திரையில் இடம் கிடைத்தது.

இப்போது பேசப்படுவது ஃபெரோமின் நெமாட்டிக். 2017இல் யார்க் பல்கலைக்கழகக் குழுவும் ஜப்பானியக் குழு ஒன்றும் தனித்தனியே வெளியிட்ட சேர்மங்கள் இதன் தொடக்கம்; 2020இல் கொலராடோவின் போல்டர் குழு ஆர்.எம்.734 சேர்மத்தில் தன்னிச்சை முனைவாக்கத்தை உறுதிசெய்தது. மிகச் சிறிய மின்புலமே இதைத் திருப்பிவிடும் என்பதால் ஆர்வம் நியாயமானதுதான். ஆயினும் அச்சேர்மத்தில் நைட்ரோ தொகுதியும் எஸ்டர் இணைப்புகளும் உள்ளன. முனைவாக்கம் மிகுந்த பொருள் அயனிகளை எப்படி நடத்தும் என்பதற்குச் சயனோ அனுபவம் நம்மிடம் இருக்கிறது. எனவே இவ்வகைச் சேர்மம் குறித்து வரும் கட்டுரையின் முதல் அட்டவணையில் நான் எதிர்பார்ப்பவை இவை: கலவையில் அதன் நெமாட்டிக் வீச்சு, மின்னழுத்தத் தக்கவைப்பு வீதம், வெப்பத்திலும் புறஊதாக் கதிரிலும் கிடந்தபின் அதே வீதம். துலங்கல் நேரம் இரண்டாம் அட்டவணையில் வரட்டும். கெடுமுன் ஒன்று, கெடவைத்தபின் ஒன்று என இரு எண்களாக.