தோட்டத்துக் கோயிலும் கூரையும்

கிழக்குக் கரை இரயில் பாதை பிரியும் கெமாசைச் சூழ்ந்த இரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் முதலில் எழுப்பியவை அத்தாப்புக் கூரைக் கோயில்களே. ஓலை விரைவில் மக்கியதால் தகரம் வந்தது. பல கோயில்களின் நிலம் தோட்ட நிருவாகத்திற்கு உரியதாயிருந்தமையால், நிலையான கட்டடம் எழுப்பத் தயங்கினர்.

இங்குக் கடற்காற்றின் உப்பு இல்லை. எனினும் நண்பகல் வெயிலும் மாலை இடிமழையும் மாறிமாறித் தாக்க, தகரம் விரிந்து சுருங்கி ஆணித்துளைகள் அகலும். துளை மட்டும் கசிந்தால் பழுதுபார்த்தல் போதும். தகரம் துருவேறிச் சட்டமும் உளுத்துவிட்டால் மாற்றுதலே முறை. மாசி, பங்குனியில் உதிரும் இரப்பர் இலைகளைச் சித்திரை மழைக்கு முன் பீலியிலிருந்து அகற்றுவதே பராமரிப்பு.

கும்பாபிஷேகம் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை. மழையோ ஆண்டுதோறும் வருவது. ஆதலின் கூரை காப்பதும் திருப்பணியே.