வாடகைதான் வாழ வைக்குது!

நடுவர் ஐயா அவர்களே, தென்காசிப் பெரியோர்களே, குற்றாலத்துச் சாரலில் நனைஞ்சுட்டு ஈரத்தலையோட நேரா இங்க வந்திருக்கிற தாய்மார்களே, வணக்கம்!

எதிரணியில் பேசிய அம்மா, "பழைய மண்டபம்னா ஒழுகும். மராமத்துக்கே சொத்து கரையும். இடிச்சுட்டுப் புதுசாக் கட்டுங்க"ன்னாங்க. நீங்க கைதட்டுனீங்க. நானும் தட்டுனேன், பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு. கணக்குத்தான் இடிக்குது ஐயா!

மும்பைக்கு வாங்க. மெரின் லைன்ஸ் பக்கம் லிபர்ட்டின்னு ஒரு தியேட்டர். கட்டினவர் ஹபீப் ஹுசைன். நாடு விடுதலை அடைஞ்ச சமயம், அதனால அந்தப் பேரு. 1949-ல் 'அந்தாஸ்' படத்தோட திறந்தாங்க. சுமார் 1,200 இருக்கை. வரைபடம் போட்ட ரிட்லி அபட் விமான விபத்துல இறந்துட்டார், மீதியை ஜே.பி. பெர்னாண்டஸ் முடிச்சார். உள் அலங்காரம் வாமன் நம்ஜோஷி.

'ஆர்ட் டெகோ' பாணிங்க. 1925-ல் பாரிஸ்ல நடந்த பொருட்காட்சியில இருந்து வந்த பேரு. நேர்கோடு, வளைஞ்ச மூலை, அடுக்கடுக்கா ஏறுற முகப்பு. உள்ளே திரைக்கு ரெண்டு பக்கமும் உறைஞ்சு நின்ன நீரூற்று மாதிரி வேலைப்பாடு. நம்ம ஐந்தருவி விழுந்தபடியே அப்படியே நின்னுட்டா எப்படி இருக்கும்? அதான்!

1957-ல் வந்த 'மதர் இந்தியா' அங்க ஒரு வருஷம் தாண்டி ஓடுச்சு. 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' நூறு வாரத்துக்கு மேல! அப்புறம் மால்ல சின்னச் சின்னத் தியேட்டரா வந்ததும், தினமும் படம் போட்டுக் கட்டுப்படி ஆகலை. இடிச்சாங்களா? இல்லை. திரைப்பட விழா, கச்சேரி, படப்பிடிப்புன்னு வாடகைக்கு விட்டாங்க. கட்டடம் தன் சோத்தைத் தானே சம்பாதிச்சுக்கிச்சு. ஒண்ணு மட்டும் சொல்றேன்: வாடகைக்கு எடுக்குறவங்க சுவர்ல ஆணி அடிக்கக் கூடாது!

எங்க தென்காசிக் கோபுரம் எத்தனை காலம் மொட்டைக் கோபுரமா நின்னுச்சு! 1990-ல் எழுப்பிட்டோமே! "கோயில் வேற, கொட்டகை வேற"ம்பாங்க. சரி, கொட்டகைக்கே வர்றேன். மதுரை தங்கம் தியேட்டர், 2,500 இருக்கைக்கு மேல. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்த இடம். மூடினாங்க, இடிச்சாங்க. இப்ப அங்க ஜவுளிக்கடை. அம்மா தாராளமா சேலை எடுக்கலாம். ஆனா பேரப்பிள்ளை, "பாட்டி, பராசக்தி பார்த்த இடத்தைக் காட்டு"ன்னா, எதைக் காட்டுவாங்க, அந்தச் சேலைப் பையையா?

மணி அடிச்சுட்டீங்க நடுவர் ஐயா, உட்காருறேன்.