பழவேற்காட்டில் திறந்த கதவு

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் கால்பதித்த டச்சு வணிகர், வடக்கே பழவேற்காட்டில் 1613இல் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். துணி வாணிகத்துக்கென எழுந்த அக்கோட்டைக்கு 1630களின் தொடக்கத்தில் சமயகுருவாக வந்தவர் ஆபிரகாம் ரோஜர்.

இந்நாட்டார் வாழ்வையும் வழிபாட்டையும் அறிய விழைந்த அவருக்குத் துணைநின்றவர் பத்மநாபர் என்னும் அந்தணர். பர்த்ருஹரியின் வடமொழிப் பாடல்களுக்கு அவர் போர்த்துக்கீசிய மொழியில் பொருள் சொல்ல, ரோஜர் டச்சு உரைநடையில் வடித்தார். நீதியும் துறவும் பாடும் இரு நூறுகள் இவ்வாறு பெயர்ந்தன. காதல் பாடும் நூறு இடம்பெறவில்லை.

1642இல் பழவேற்காட்டை நீங்கிய ரோஜர், பத்தாவியாவில் பணியாற்றித் தாயகம் திரும்பி, 1649இல் கௌடா நகரில் மறைந்தார். நூலை அச்சில் கண்டாரில்லை. ‘மறைந்திருந்த புறச்சமயத்திற்குத் திறந்த கதவு’ எனப் பொருள்படும் தலைப்புடன் 1651இல் லெய்டனில் அது வெளிவந்தது. ஐரோப்பிய மொழியில் அச்சேறிய முதல் வடமொழிக் கவிதை இதுவே என்பர் ஆய்வாளர். 1663இல் அந்நூல் ஜெர்மன் மொழியிலும் வந்தது. நூறாண்டுக்கும் பின்னர்க் கவிஞர் ஹெர்டர் பர்த்ருஹரியை அறிந்தது அதன் வழியேதான்.

மூன்று மொழி கடந்ததில் யாப்பும் ஓசையும் உதிர்ந்தன, கருத்து நின்றது. பத்மநாபர் பெயரையும் ரோஜர் மறைத்தாரில்லை. எழுதியவரைப் போற்றுவோர், அருகிருந்து பொருள் சொன்னவரையும் உடன்போற்றுதல் வேண்டும் என்பதற்கு அந்நூலே சான்று.