உத்தரவாதம் (வீட்டுச் சாதனங்கள்)

உத்தரவாதம் என்பது, விற்ற பொருள் இன்ன காலம்வரை பழுதில்லாமல் உழைக்கும், பழுதானால் சரிசெய்தோ மாற்றியோ தருகிறோம் என்று செய்தவரோ விற்றவரோ கொடுக்கும் வாக்கு. வெந்நீர்க் கீசர், மின்விசிறி, தண்ணீர் மோட்டார், குழாய் என வீட்டில் பொருத்திவைக்கும் சாதனங்களுக்கு இது பெரும்பாலும் அச்சிட்ட அட்டையாக வருகிறது. இந்தியாவில் வாங்கியவரின் உரிமை அந்த அட்டையோடு முடிவதில்லை. 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்குத் துணை நிற்கின்றன.

சொல்லும் பொருளும்

கடைத்தெருவில் கேரண்டி, வாரண்டி என்ற இரண்டு சொற்கள் உலவுகின்றன. கேரண்டி என்றால் கெட்டதும் புதுசு, வாரண்டி என்றால் ரிப்பேர் மட்டும் என்பது பொதுவான நம்பிக்கை. சொல்வரலாற்றில் இரண்டும் ஒன்றே. ஜெர்மானியச் சொல் ஒன்று பழைய பிரெஞ்சுக்குள் நுழைந்தபோது வடக்குப் பிரான்சில் வகரம் வகரமாகவே நின்றது. நடுப் பிரான்சில் அது ககரமாயிற்று. இரண்டு வடிவமும் ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் ஊர் ஷோரூம்வரை வந்திருக்கின்றன.

சட்டத்தில் இவற்றுக்குக் கடைக்காரர் சொல்லும் பொருள் இல்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் கேரண்டி என்பது பிறர் கடனுக்கு நிற்கும் ஜாமீன். கீசருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வாரண்டி என்பது 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், விற்பனையின் முதன்மை நோக்கத்துக்குத் துணையாக நிற்கும் உறுதி. அது மீறப்பட்டால் நஷ்டஈடு கேட்கலாம். பொருளைத் திருப்பித் தள்ள முடியாது. அதைவிடக் கனமான ‘நிபந்தனை’ மீறப்பட்டால் ஒப்பந்தத்தையே முறிக்கலாம். ஆனால் பொருளை ஏற்றுக்கொண்ட பிறகு நிபந்தனை மீறலும் வாரண்டி மீறலாகவே கருதப்படும் என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. சுவரில் துளைபோட்டு மாட்டி, மூன்று மாதம் குளித்த கீசரை ஏற்கவில்லை என்று எவர் சொல்ல முடியும்? வீட்டுச் சாதனங்களைப் பொறுத்தவரை பழைய சட்டம் வாங்கியவரை இந்த இடத்தில் கைவிட்டது.

வரலாறு

விற்றதைத் திருப்பும் உரிமை புதிதன்று. அர்த்தசாஸ்திரத்தின் மூன்றாம் அதிகரணம், விற்றபின் மனம் மாறுவதற்கு வணிகருக்கு ஓர் இரவும் உழவருக்கு மூன்றும் ஆயருக்கு ஐந்தும் கெடு வைக்கிறது. பொருளிலேயே உள்ள குற்றத்தை அது தனியாகப் பிரித்துப் பேசுகிறது. மனுஸ்மிருதி பத்து நாள் தருகிறது. ரோமில் சந்தையை மேற்பார்த்த ஈடைல் அதிகாரிகள் அடிமை, கால்நடை விற்பனையில் மறைகுற்றத்தைச் சொல்லியே விற்க வேண்டும் என ஆணையிட்டனர். சொல்லாமல் விற்றால், ஆறு மாதத்துக்குள் விற்பனையை ரத்துசெய்யவும் ஓராண்டுக்குள் விலையைக் குறைக்கவும் வழக்கிடலாம். இன்றைய ‘பணம் வாபஸ்’, ‘விலைக்கழிவு’ இரண்டுக்கும் மூதாதை இதுவே.

ஆங்கிலப் பொதுச்சட்டம் நேர் எதிராகப் போயிற்று. 1603-இல் தீர்ந்த சேண்டலர் எதிர் லோபஸ் வழக்கில், ஒரு பொற்கொல்லர் பெசோவார் என்று சொல்லி ஒரு கல்லை 100 பவுனுக்கு விற்றிருந்தார். பெசோவார் என்பது கோரோசனையைப் போல விலங்கின் வயிற்றில் விளைவது. விஷமுறிவு என்று நம்பப்பட்டது. கல் பெசோவார் இல்லை. ஆனால் விற்றவர் ‘இது பெசோவார்’ என்றாரே தவிர ‘பெசோவார் என்று உறுதி தருகிறேன்’ என்று சொல்லவில்லை. ஆகவே வழக்கு நிற்காது என்றது நீதிமன்றம். வாங்குபவனே விழித்துக்கொள் என்ற இந்த இரக்கமற்ற கொள்கை பிற்காலத்தில் தளர்ந்து, 1893-ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டமாகத் தொகுக்கப்பட்டது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இருந்த விற்பனை விதிகளை எடுத்துவிட்டு, அந்த ஆங்கிலச் சட்டத்தை ஒட்டியே 1930-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் எழுதப்பட்டது.

அதன் 16-ஆம் பிரிவு கவனித்துப் படிக்க வேண்டியது. எதற்காக வாங்குகிறோம் என்பதைச் சொல்லி, கடைக்காரரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பிராண்டு பெயரைச் சொல்லி இதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினால் அந்த உறுதி கிடையாது. “எங்க ஏரியா போர் தண்ணிக்கு எது தாங்கும், நீங்களே சொல்லுங்க” என்று கேட்பவர் தம்மையறியாமல் சட்டப் பாதுகாப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

அட்டையின் அமைப்பு

கீசர் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் ஐந்து ஆண்டோ ஏழு ஆண்டோ பெரும்பாலும் உள்தொட்டிக்கு மட்டும் உரியது. ஹீட்டிங் எலிமெண்டுக்கும் முழுப் பொருளுக்கும் காலம் குறைவு. தொட்டிக்குள் மக்னீசியம் கம்பி ஒன்று நிற்கும். தான் அரிபட்டுத் தொட்டியை அரிப்பிலிருந்து காப்பது அதன் வேலை. உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். எலிமெண்டின் மேல் சுண்ணாம்பு பூத்துச் சங்குபோல் தடித்துவிடும். மெக்கானிக் அதைக் கழற்றிக் காட்டி, “இது தண்ணியால வந்தது சார், வாரண்டில வராது” என்பார். கடினநீருக்குப் பொறுப்பில்லை என்ற வரி அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும். குறை பொருளிலா தண்ணீரிலா என்பது ஆய்வில்லாமல் தெரியாது என்றால், நுகர்வோர் ஆணையம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அறிக்கைக்கு 45 நாள் கெடு. மெக்கானிக்கின் வாய்வார்த்தையை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் எழுதும் ஜாப் ஷீட்டின் நகலைக் கேட்டு வாங்குவது நல்லது.

நுகர்வோர் சட்டம்

1986-ஆம் ஆண்டின் முதல் நுகர்வோர் சட்டம், குறையை நீக்கு, மாற்றிக் கொடு, பணத்தைத் திருப்பு என்று உத்தரவிடும் அதிகாரத்தைத் தனி மன்றங்களுக்குக் கொடுத்து, 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முடிச்சை அவிழ்த்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், எழுத்தில் தந்த வாரண்டிக்குப் பொருள் ஒத்துவராமல் தீங்கு நேர்ந்தால், கவனக்குறைவு இல்லை என்று தயாரிப்பாளர் நிரூபித்தாலும் பொறுப்பு அவருடையதே என்கிறது. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே. கல்யாணச் சீராக வந்த கீசருக்கும் புகார் கொடுக்கலாம். பில்லின் அடியில் ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது’ என்று அச்சடிப்பது பழுதுள்ள பொருளுக்குச் செல்லாது: பில்லில் கெடு எதுவும் சொல்லாதபோது 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம்.

ஒரு பாகம் கெட்டால் முழுப் பொருளையும் மாற்றித் தர வேண்டுமா? 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டி பாகத்துக்குத் தரப்பட்டிருந்தால் பாகத்தை மாற்றினால் போதும் என்றது. வீட்டுச் சாதனங்களுக்கும் அதுவே அளவுகோல்.

புகாரை வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையவழியிலும் மனு ஏற்கப்படுகிறது.